பள்ளம் நகர்ந்த கதை

ஊர்ப் பேரை எழுதப் போவதில்லை. எழுதினால் எந்த ஆலை என்று தெரிந்துவிடும், யாருக்காவது மனசு சங்கடப்படும். மலேசியாவின் கீழ்ப் பேராக்கில், தெலுக் இந்தானிலிருந்து முக்கால் மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய ஒரு தோட்டத்து ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ரெண்டு ஒட்டுக்கடை, சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை. நான் பிறந்தபோது அங்கே கித்தா (ரப்பர்) மரம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இப்போது தொழிலாளர் குடியிருந்த லயமும் இல்லை, கித்தாவும் இல்லை. ஆலையும் அதன் சங்கும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

அந்த ஆலையில் அப்பா இருபத்தெட்டு வருஷம் பொய்லர் பார்த்தார். நான் ஷா ஆலாமில் ஒரு சின்ன டிசைன் ஆபிசில் பைப்பு வரைகிறேன். எங்கெங்கோ வரைந்துவிட்டு, கடைசியில் அப்பா வேலை பார்த்த ஆலைக்கே ஒரு கேஸ் பைப்பு வரையும் வேலை வந்தது. அதைத் தப்பாகவும் வரைந்தேன். அந்தத் தப்பின் கதைதான் இது.

முதலில் அந்த கேஸ் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். ஆலையில் செம்பனைப் பழக் குலையை அவித்து எண்ணெய் பிழிந்த பிறகு, பழுப்பு நிறத்தில் குழம்பு மாதிரி ஒரு கழிவுத் தண்ணி வெளியே வரும். கொதிக்கக் கொதிக்க, எண்பது டிகிரிக்கு மேலே. வீட்டுச் சாக்கடைத் தண்ணியை விட ஏறக்குறைய நூறு மடங்கு மோசமான கழிவு அது. பிஓடி என்று ஓர் அளவு சொல்வார்கள், கழிவைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்கு, லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஒரு காலத்தில் இது நேராக ஆற்றில்தான் போய்ச் சேர்ந்தது. 1977-இல் செம்பனை ஆலைகளுக்கென்றே சுற்றுச்சூழல் விதிகள் வந்த பிறகுதான் ஆலைக்கு ஆலை குளம் வெட்டினார்கள். ஒன்றன் பின் ஒன்றாகக் குளம், எல்லாம் கருப்பு, எல்லாம் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். அந்தக் குமிழிதான் மீத்தேன் என்பது அப்போது எங்களுக்கு யாரும் சொல்லித் தராத பாடம்.

2014 ஜனவரி முதல், புதிதாகக் கட்டும் ஆலைகளும் பெரிதாக்கும் ஆலைகளும் அந்தக் கேஸைப் பிடித்தாக வேண்டும் என்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் சொல்லிவிட்டது. எங்கள் ஊர் ஆலையும் பெரிதாக்க நினைத்தது. குளத்தின் மேல் கருப்பு ரப்பர் துப்பட்டி மாதிரி ஒரு மூடியை இழுத்துக் கட்டினார்கள். அது கேஸ் சேரச் சேர யானை முதுகு போல் உப்பும். அங்கிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் தள்ளி என்ஜின் கொட்டகை. மணிக்கு 500 கனமீட்டர் கேஸ் போனால் ஒரு மெகாவாட்டுக்குக் கொஞ்சம் மேலே மின்சாரம் எடுக்கலாம். இந்த ரெண்டுக்கும் நடுவே ஒரு பைப்பு. அதுதான் என் வேலை.

கேஸ் பைப்பு டிசைன் என்றால் வெளியே இருப்பவர்கள் பெரிய கணக்கு என்று நினைப்பார்கள். கணக்கு ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். எவ்வளவு கேஸ், எவ்வளவு தூரம், எவ்வளவு அழுத்தம் விட்டுக்கொடுக்கலாம், அதற்கு எந்தச் சைஸ் பைப்பு. இதில் மனசில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: அழுத்த இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். பைப்பின் உள்விட்டம் 180 மில்லிமீட்டர் என்றால் என் 400 மீட்டருக்கு இழப்பு சுமார் 80 மில்லிமீட்டர் தண்ணி உயரம். அதையே 225 ஆக்கினால் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நான் பெரிய பைப்பைத்தான் கேட்டேன். விலையைப் பார்த்துச் சின்னதை எடுத்தார்கள். அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, சின்ன பைப்பிலும் வேலை நடக்கும்.

அந்த 80 மில்லிமீட்டரைக் கவனியுங்கள். இந்த மாதிரிக் கேஸின் அழுத்தத்தை 'பார்' என்ற பெரிய அலகில் சொல்லவே முடியாது. தண்ணி உயரத்தில்தான் சொல்ல வேண்டும், அதுவும் மில்லிமீட்டரில். குளத்து மூடிக்குக் கீழே இருபது மில்லிமீட்டர் இருந்தால் பெரிசு. ஒரு டம்ளர் தண்ணியின் ஆழத்தைக் கூடத் தள்ளிக்கொண்டு போகத் தெம்பில்லாத கேஸ் அது. பைப்புக்குள் எங்கேயாவது தண்ணி குறுக்கே படுத்தால், கேஸ் அதன் முன்னால் கைகட்டி நின்றுவிடும்.

தண்ணி வராமல் இருக்குமா? குளத்திலிருந்து கிளம்பும் கேஸ் 38 டிகிரியில், குடிக்கிற மட்டும் ஈரம் குடித்துவிட்டு வரும். அந்தச் சூட்டில் ஒரு கனமீட்டர் கேஸ் 46 கிராம் தண்ணியை ஆவியாகச் சுமக்கும். 25 டிகிரிக்கு இறங்கினால் 23 கிராம்தான் சுமக்க முடியும். மிச்சம் 23 கிராமையும் வழியில் இறக்கி வைத்துவிட்டுத்தான் போகும். மணிக்கு 500 கனமீட்டர் என்றால் பதினோரு லிட்டருக்கு மேல். ராத்திரி முழுக்க ஓடினால் நூறு லிட்டரைத் தாண்டும். கண்ணுக்குத் தெரியாத கேஸிலிருந்து ஒரு ராத்திரிக்கு ஆறேழு வாளித் தண்ணி.

எங்கள் வீட்டு இட்லிப் பானைக்கு ரெண்டு மூடி இருந்தது. ஒன்று தட்டை, ஒன்று கவிழ்த்த கிண்ணம் மாதிரி வளைந்தது. அம்மா தட்டை மூடியைத் தொட விட மாட்டார். அதைப் போட்டால் ஆவி தண்ணியாகி நேரே இட்லி மேல் சொட்டும், இட்லி கொழகொழத்துவிடும். வளைந்த மூடியில் சொட்டு ஓரமாக வழிந்து இறங்கிவிடும். ஆவி தண்ணியாவதை அம்மா தடுக்கவே இல்லை. அது எந்தப் பக்கம் வழிய வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டார்.

பைப்புக்கும் அதே கதைதான். ஈரமான கேஸ் ஓடும் பைப்பை மட்டமாகப் போடக் கூடாது, சாய்த்துப் போட வேண்டும். சாய்ந்து இறங்கும் ஒவ்வொரு தாழ்விலும் அடியில் ஒரு பாத்திரம் தொங்க வேண்டும். டிரிப் பாட் என்று வரைபடத்தில் எழுதுவோம், ஆலையில் எல்லாரும் குடம் என்பார்கள். கிளைப் பைப்பு எடுத்தால் மேலிருந்து எடுக்க வேண்டும், கீழிருந்து எடுத்தால் கேஸுக்குப் பதில் தண்ணிதான் கிளைக்குள் இறங்கும். பெரிய பைப்பு சின்னதாகும் இடத்தில் ரிடூசரின் தட்டைப் பக்கம் அடியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே ஒரு குட்டை. ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த கேஸ் என்பதால் அந்தத் தண்ணி அமிலமாக இருக்கும். சாதாரண இரும்பைத் தின்றுவிடும், பித்தளை வால்வைக் கருக்கிவிடும். அதனால் எச்டிபிஇ என்ற கருப்பு பிளாஸ்டிக் பைப்பு, இல்லையென்றால் துருப்பிடிக்காத எஃகு. வீட்டில் தோங் கேஸ் (சிலிண்டர் கேஸ்) வைத்துச் சமைப்பவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. அந்தக் கேஸ் காய்ந்த கேஸ், எப்படி வேண்டுமானாலும் வளைத்துக்கொண்டு போகலாம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் வரைந்தேன்.

எவ்வளவு சாய்ப்பது என்பதில்தான் கோட்டை விட்டேன். அமெரிக்கர்களின் என்எஃப்பிஏ 54 என்ற கேஸ் பைப்பு விதிப்புத்தகத்தில், காயாத கேஸ் பைப்புக்கு 15 அடிக்குக் கால் அங்குலம் சரிவு என்று ஒரு கணக்கு உண்டு. அதாவது 720-க்கு 1. கட்டடத்துக்குள், கான்கிரீட்டில் அடித்த கிளிப்பில் இரும்புப் பைப்பு போகிற இடத்துக்கு அது போதும். நான் தாராளமாக இருக்கட்டும் என்று 200-க்கு 1 கொடுத்தேன். மூன்று மடங்குக்கு மேல் பெருந்தன்மை! ஆபிசில் குளிரூட்டியின் கீழே உட்கார்ந்து போட்ட கணக்கு. பைப்பு போகப் போவது கீழ்ப் பேராக்கின் சேற்று மண்ணில். தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். 1885-இல் கட்டியது, உள்ளே தண்ணித் தொட்டி, அந்தக் கனத்தை மண் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதன் முன்னால் நின்று எத்தனை தடவை போட்டோ எடுத்திருப்பேன். அந்த மண் என் பைப்பை மட்டும் தாங்கும் என்று எப்படி நினைத்தேனோ.

பைப்பு குளத்திலிருந்து பாதிக்கு மேல் தரைக்கு மேலே, தாங்கிகளின் மேல் வரும். பிறகு குலை லாரி போகும் தோட்டத்துச் சாலை. அதைத் தரைக்கடியில் கடந்து, மறுபக்கம் மெல்ல ஏறி என்ஜின் கொட்டகைக்குப் போகும். சாலையின் இந்த ஓரத்தில்தான் மிகத் தாழ்வான இடம், அங்கே குடம். சாலையை ஒட்டி முனீஸ்வரர் கோயில். எல்லாம் வரைபடத்தில் அழகாக இருந்தது.

ஓட ஆரம்பித்து ஒன்பது மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. அதற்கப்புறம் ராத்திரி மூணு மணி வாக்கில் என்ஜின் நிற்க ஆரம்பித்தது. தினமும் இல்லை, வாரத்தில் நாலு நாள். பேனலில் 'கேஸ் அழுத்தம் குறைவு' என்று காட்டும். மறுபடி ஓட்டினால் சாயங்காலம் வரை ஒழுங்காக ஓடும். சென்சர் மாற்றினார்கள். ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள். ஃபில்டரைக் கழுவினார்கள், தீ பின்னால் பாயாமல் தடுக்கும் ஃபிளேம் அரெஸ்டரைக் கழற்றித் துடைத்தார்கள். மூன்று வாரம் போனது. ராத்திரி ஷிப்ட் பையன்கள் வேறு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். முனி நடமாடும் நேரம் அது. அவர் போகிற பாதையில் கேட்காமல் குழி தோண்டிப் பைப்பைப் புதைத்தது யார்? படையல் போட்டுச் சுருட்டு வைக்கப் போவதாகக் கேள்விப்பட்டதும் நான் போன் பண்ணி, வைப்பதாக இருந்தால் வையுங்கள், குடத்துப் பக்கம் மட்டும் கொளுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமையே ஊருக்குப் போனேன். ஷிப்டில் இருந்த பையன் பேனலில் வரைகோட்டைக் காட்டினான். பகலெல்லாம் நூல் பிடித்த மாதிரிப் போகும் அழுத்தக் கோடு, ராத்திரி ஒரு மணியிலிருந்து நடுங்க ஆரம்பிக்கிறது. ரெண்டு மணிக்கு மேலும் கீழும் குதிக்கிறது, மூச்சிரைக்கிறவன் நெஞ்சு மாதிரி. மூணு மணிக்குச் செத்துப்போகிறது.

"அக்கா, இன்னொன்னு. மழை பேஞ்ச நாள்ல மத்தியானமே விழுந்துடுது."

"காலையில நாக்-அவுட் பாட்டுல தண்ணி இருக்குதா?" என்ஜினுக்கு முன்னால் கேஸிலிருந்து தண்ணியைப் பிரித்துப் பிடிக்கும் பாத்திரம் அது.

"ரொம்பி வழியுதுக்கா. ஆனா ரோட்டோரக் குடத்துல ஒண்ணுமில்ல. நானே வால்வத் தொறந்து பார்த்தேன், ஒரு சொட்டு வரல."

மூன்று சேதியும் கையில் வந்த பிறகும் எனக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதாக எழுதினால் பெருமையாக இருக்கும், ஆனால் அப்படி நடக்கவில்லை. மறுநாள் ஞாயிறு காலை அப்பாவோடு நடக்கப் போனேன். எழுபத்திரண்டு வயது, முட்டி வலி, ஆனாலும் பசியாறுவதற்கு முன் கோயில் வரை நடந்தாக வேண்டும் அவருக்கு. முந்தின ராத்திரி நல்ல மழை. சாலையைத் தாண்டிய இடத்தில், பைப்பு தரையிலிருந்து மேலே எழும்பும் முழங்கைப் பக்கம் நின்றார். கையில் இருந்த குடையின் முனையைப் பைப்பில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பொய்லர்க்காரர்கள், ஆவிப் பைப்பிலிருந்து தண்ணியை மட்டும் வெளியே விடும் ஸ்டீம் டிராப் வேலை செய்கிறதா என்று ஸ்குரூ டிரைவரை வைத்துக் கேட்பார்களே, அதே மாதிரி.

"என்னாமா இது, வவுத்துல தண்ணி கெடக்குது. கொளக் கொளக்குன்னு."

"குடம் அந்தப் பக்கம் இருக்குதுப்பா. குடத்துல தண்ணியே இல்லயாம்."

"குடத்துல இல்லன்னா வேற எங்கயோ இருக்குது. தண்ணி குடத்தத் தேடிக்கிட்டா போவும்? பள்ளத்தத் தேடித்தான் போவும்."

அவருக்கு பயோகேஸ் தெரியாது. ஆவிப் பைப்பு தெரியும். ஆவிப் பைப்பில் தண்ணி நின்றால் அது சுத்தியல் மாதிரி அடிக்கும், முழங்கையைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அதனால் ஆலையில் எந்தப் பைப்பைப் பார்த்தாலும் அவர் முதலில் பார்ப்பது அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைத்தான். எனக்கு ஆவி, கேஸ் ரெண்டும் தனித்தனிப் பாடப் புத்தகமாக இருந்தன.

அன்றைக்கே வெல்டர் மாமாவைக் கூப்பிட்டு விட்டேன். அவர் ஒரு பையனோடும் பத்து மீட்டர் தெளிவான டியூப்போடும் வந்தார். ஞாயிறு, ஆலை ஓய்வு, லாரி இல்லை. என்ஜினை நிறுத்தி, குளத்துக் கேஸைக் கொளுத்தும் கம்பத்துக்குத் திருப்பிவிட்டு, சாலையில் ஐந்து இடத்தில் கையால் குழி தோண்டினோம், பைப்பின் முதுகு தெரியும் வரைக்கும் மட்டும். டியூப்பில் தண்ணி நிரப்பி, ஒரு முனையைக் குடத்தருகே பைப்பின் முதுகில் பிடித்து, மறுமுனையை ஒவ்வொரு குழியாக நகர்த்தினோம். ரசமட்டத்தை இந்த வேலைக்கு நான் நம்ப மாட்டேன். ஒரு முழத்துக்கு அது சொல்வது நிஜம், பத்து மீட்டருக்கு வதந்தி. தண்ணி நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கத் தண்ணியைத்தான் கேட்க வேண்டும்.

முதல் குழி, குடத்தை விட 30 மில்லிமீட்டர் கீழே. ரெண்டாவது 90. மூன்றாவது, லாரியின் இடது சக்கரம் போகும் தடத்துக்கு நேர் கீழே, 140. நாலாவதில் மறுபடி 60. ஐந்தாவது குழி குடத்தை விட உயரம்.

என் வரைபடத்தின்படி மூன்றாவது குழி குடத்தை விட 20 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்பது மாதம் குலை லாரி ஏறி இறங்கி மண்ணை அமுக்கியிருக்கிறது. பைப்பைச் சுற்றி மணல் போடச் சொல்லியிருந்தேன், தோண்டின மண்ணையே திருப்பிப் போட்டிருந்தார்கள். அதை ஒரு சாக்காகச் சொல்லிக்கொள்ளலாம். மணல் போட்டிருந்தாலும் 200-க்கு 1 சரிவு அங்கே பிழைத்திருக்காது. நாலு மீட்டர் தூரத்துக்கு நான் கொடுத்த சரிவு 20 மில்லிமீட்டர், இரண்டு விரல் தடிமன் கூட இல்லை. பள்ளம் நாலு மீட்டர் நகர்ந்து சாலைக்கு நடுவே போய்விட்டது, குடம் மட்டும் வைத்த இடத்திலேயே காவல் நின்றது.

அதற்கப்புறம் மற்றதெல்லாம் தானாக வரிசையில் வந்து நின்றன. பகலில் கருப்புப் பைப்பு வெயிலில் காய்ந்து, தொட்டால் சுடும். கேஸ் ஆறவே ஆறாது, ஈரத்தைச் சுமந்துகொண்டே கொட்டகைக்குப் போய்விடும். அங்கே சில்லர் அதைப் பத்து டிகிரிக்கு இறக்கி, ஒன்பது கிராமுக்கு மேலே உள்ள ஈரத்தை எல்லாம் பிழிந்துவிடும். பிறகு கேஸை இழுத்து என்ஜினுக்குத் தள்ளும் புளோயரில் அது மறுபடி சூடாகி, என்ஜின் கேட்கிற மாதிரிக் காய்ந்து போகும். இருட்டினால் பைப்பு குளிரும், வழியிலேயே தண்ணி இறங்கும். மழை பெய்தால் பகலிலும் அதே கதை. கொஞ்சம் தண்ணி குளத்தடியில் இருக்கும் முதல் குடத்தில் விழுந்தாலும், மீதி சாலையடிப் பள்ளத்தில் சேரும். அந்தத் தொப்பையில் அறுபது லிட்டர் பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன். இருட்டியதிலிருந்து சேர்ந்தால் நிரம்ப ஏழெட்டு மணி நேரம் ஆகும். 180 மில்லிமீட்டர் உயரப் பைப்பில் 140 வரைக்கும் தண்ணி, மேலே நாற்பது மில்லிமீட்டர் இடைவெளி. அதன் வழியாக கேஸ் பாயும்போது அலை எழும்பி இடைவெளியை அடைக்கும், விடும், அடைக்கும். பேனலில் பார்த்த நடுக்கம் அதுதான். கடைசியில் புளோயர் இழுக்கிற இழுப்பில் மொத்தத் தண்ணியும் ஒரே உருண்டையாகக் கிளம்பிப் போய் நாக்-அவுட் பாட்டை நிரப்பும். என்ஜின் நிற்கும். பள்ளம் காலி. மறுநாள் ராத்திரி முதலிலிருந்து.

பையன் வால்வைத் திறந்தும் சொட்டு வராததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. புளோயர் கொட்டகையில் இருக்கிறது, குளத்தருகே இல்லை. அதனால் சாலை வரும் இடத்தில் பைப்புக்குள் அழுத்தம் கிடையாது, உறிஞ்சல்தான் இருக்கிறது. வெளிக்காற்றை விட முப்பது மில்லிமீட்டர் குறைவு. அங்கே அடிவால்வைத் திறந்தால் தண்ணி வெளியே வராது, காற்று உள்ளே போகும். பேனலில் ஆக்சிஜன் அளவைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். அவன் "தொறந்து பார்த்தேன்" என்று சொன்ன ஒவ்வொரு நாளும், சொன்ன நேரத்தில், ஒரு சின்னக் கூம்பு. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் தீப்பற்றும். ஒரு நிமிடம் திறந்த ஒரு சின்ன வால்வால் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் திறந்து வைத்துவிட்டுத் தே தாரே குடிக்கப் போயிருந்தால்? அவனைக் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு வால்வு வைத்து வரைந்தவள் நான். ரெண்டு வால்வு வைத்திருக்க வேண்டும்: மேல் வால்வை மூடிக் குடத்தைப் பைப்பிலிருந்து பிரித்த பிறகுதான் கீழ் வால்வைத் திறக்க வேண்டும், கீழே மூடின பிறகுதான் மேலே திறக்க வேண்டும். இப்போது ரெண்டும் ஒரே நேரத்தில் திறக்க முடியாதபடி ஒரே சாவியில் பூட்டியிருக்கிறோம். மறுபடி முதலிலிருந்து வரைவதாக இருந்தால் புளோயரைக் குளத்தருகே கொண்டுபோய்விடுவேன், மின்கம்பிக்கு ஆகும் செலவைப் பற்றி யார் முகம் சுளித்தாலும் சரி. அப்போது பைப்பு முழுக்க உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தம் இருக்கும், கசிந்தாலும் கேஸ்தான் வெளியே வரும். அதிலும் ஆபத்து உண்டு, ஆனால் அது மூக்குக்கும் மீட்டருக்கும் தெரிகிற ஆபத்து.

மூக்கு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்தத் தண்ணியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கரைந்திருக்கும், வெளியே விட்டதும் பிரிந்து வரும். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் வரைக்கும் பயமில்லை என்று ஆலையில் பலர் நினைக்கிறார்கள். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு ஆனதும் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. சுத்தம் செய்யாத ஆலை கேஸில் அது ஆயிரத்துக்கு மேலேயே இருக்கும். காற்றை விடக் கனம் என்பதால் குழியில் தங்கும். அதனால்தான் அன்றைக்கு வெல்டர் மாமாவையும் பைப்பின் முதுகுக்குக் கீழே தோண்ட விடவில்லை, சட்டையில் மீட்டர் மாட்டாமல் யாரையும் குழிக்குள் குனிய விடவில்லை. மாமா முணுமுணுத்தார். "நாப்பது வருசமா இந்தக் கொளத்துப் பக்கந்தான் பொழங்குறேன்." குளம் திறந்து கிடந்தபோது காற்று அடித்துக்கொண்டு போனது மாமா, இப்போது மூடிப் பிடித்து வைத்திருக்கிறோம் என்றேன். அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

திருத்தும் வேலை ரெண்டு ஞாயிறு எடுத்தது. சாலைக்கு மேலே பாலம் கட்டிப் பைப்பைக் கொண்டுபோகலாமா என்று கேட்டார்கள். கொண்டுபோகலாம், கண்ணுக்குத் தெரியும் பைப்பு எப்போதும் நல்லது. ஆனால் பாலத்தின் ரெண்டு காலிலும் ரெண்டு தாழ்வு, ரெண்டு குடம், அதற்கு மேல் லாரியின் உயரம். கீழேயே போனோம். இந்தத் தடவை சரிவு 30-க்கு 1. மண் நூறு மில்லிமீட்டர் அமுங்கினாலும் தாழ்வு தன் இடத்தை விட்டு நகராத அளவுக்கு வேண்டுமென்றே ஆழமாக, சாலை ஓரத்திலேயே பள்ளம். பைப்பைச் சுற்றி மணல், மேலே கான்கிரீட் பலகை, லாரியின் கனம் பலகையில் இறங்கட்டும். குப்பைமேட்டில் கேஸ் பிடிக்கிறவர்கள் ரெண்டு முதல் ஐந்து சதவீதம் சரிவு கொடுப்பது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. குப்பை அமுங்கிக்கொண்டே இருக்கும் என்று அவர்களுக்கு முதல் நாளே தெரியும். எங்கள் மண்ணைப் பற்றி எனக்கு அது பிறந்த நாளிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும்.

பழைய பைப்பை அறுத்து எடுப்பதற்கு முன் உள்ளே நைட்ரஜன் விட்டுக் கேஸை வெளியேற்றினோம். அறுத்துச் சாய்த்ததும் கருப்புத் தண்ணி கொட்டியது, அடியில் மஞ்சளாகக் கந்தகச் சேறு. வாளியில் அளந்தோம், ஐம்பத்தி நாலு லிட்டர். என் கணக்கு அறுபது. அந்த ஆறு லிட்டரைச் சொல்லி வெல்டர் மாமா இன்றைக்கு வரை என்னைக் கிண்டல் செய்கிறார்.

தரைக்கு மேலே வரும் பகுதியிலும் ஒரு வேலை இருந்தது. எச்டிபிஇ வெயிலில் நீளும் என்பது தெரிந்த சங்கதி, ஆனால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் திக்கென்கிறது. நூறு மீட்டர் பைப்பு முப்பது டிகிரி சூடானால் அரை மீட்டருக்கு மேல் நீளும். போக இடமில்லாவிட்டால் தாங்கிக்குத் தாங்கி நடுவே தொய்யும், பக்கவாட்டில் பாம்பு மாதிரி நெளியும். தொய்வு எல்லாம் குட்டிக் குட்டிப் பள்ளம். தாங்கிகளை நெருக்கமாகப் போட்டு, அடியில் நீளவாக்கில் இரும்பு வாய்க்கால் கொடுத்து, பைப்பு அதற்குள் முன்னும் பின்னும் நழுவிக்கொள்ள விட்டோம். சாயங்காலம் சுருங்கும்போது முனகும்.

இப்போது ஷிப்ட் பையன்கள் தினமும் காலையில் குடத்தைக் காலி செய்து, எத்தனை லிட்டர் என்று கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதுகிறார்கள். 41. 38. 22. மழை நாளில் 57. எண் திடீரென்று குறைந்தால் எனக்கு ஒரு வாட்ஸ்அப் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கூடினால் கவலையில்லை, குறைந்தால்தான் தண்ணி வேறு எங்கேயோ குடித்தனம் வைத்துவிட்டது என்று அர்த்தம். முனிக்கு இன்னும் சுருட்டு வைக்கிறார்கள். என்ஜின் நிற்காமல் ஓடுவதற்கு அதுதான் காரணம் என்று ஒரு கட்சி உண்டு, நான் மறுக்கவில்லை.

போன மாதம் ஊருக்குப் போனபோது அப்பாவோடு அதே வழியில் நடந்தேன். புதுக் குடத்தைக் காட்டினேன், ரெண்டு வால்வையும் ஒரு சாவியையும் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு குளத்துப் பக்கம் திரும்பி, மூடியிலிருந்து கேஸ் கொளுத்தும் கம்பத்துக்குத் தனியாகப் போகும் பைப்பைக் குடையால் காட்டினார்.

"அது எந்தப் பக்கம் சாயுது?"

வரைபடத்தில் கம்பத்துப் பக்கம், 200-க்கு 1. அடுத்த ஞாயிறு டியூப்போடு வரச் சொல்லி மாமாவுக்குப் போன் பண்ணினேன்.